அகாத்தெனாங்கோ எரிமலை ஏறுறது எப்படி: ஆன்டிகுவால இருந்து உச்சி வரைக்கும், வரிசை மாறாம

குவாத்தமாலாவுல அகாத்தெனாங்கோவ மூணு தடவ ஏறியிருக்கேன். மொத தடவ பாதி உயிரோட எறங்கினேன், ரெண்டாவது தடவ பரவால்ல, மூணாவதுதான் ஒழுங்கா ஏறினேன்னு சொல்லிக்கலாம். ஸ்பானிஷ் கத்துக்கலாம்னு மலைக்குக் கிட்ட இருக்குற ஆன்டிகுவா ஊர்ல சில மாசம் தங்கியிருந்தப்ப, அதே வீட்ல தங்கவந்தவங்க வாரா வாரம் ஏறிட்டு எறங்கி வர்றத வேற பாத்துக்கிட்டே இருந்தேன். பாதில திரும்புனவங்க யாரும் கால்ல பலம் இல்லாம திரும்பல. வந்து எறங்குன மறுநாளே ஏறப் போனாங்க, இல்லன்னா வேர்த்து நனைஞ்ச சட்டையோடவே சாயங்காலம் கேம்ப்ல உக்காந்து சன்செட் பாத்தாங்க. அவ்ளோதான் விஷயம். கீழ இருக்குற வரிசை எல்லாமே இந்த ரெண்டயும் தவிர்க்கத்தான்.

மலை பத்தி ஒரு வார்த்தை. அகாத்தெனாங்கோ 3,976 மீட்டர், கடைசியா 1972ல பொங்குச்சு, இப்ப தூங்குது. அத ஒட்டியே தெக்கால நிக்கிறது ஃபுவேகோ, 3,763 மீட்டர், அது தூங்காது. தூங்குறது மேல ஏறி நின்னு தூங்காதத வேடிக்க பாக்குறதுதான் இந்த ட்ரெக். வழக்கமா ரெண்டு பகல், ஒரு ராத்திரி.

1. மொதல்ல மாசத்த முடிவு பண்ணுங்க

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை இல்லாத காலம், அப்பதான் வானம் தெளிவா இருக்கும். மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் மழைக்காலம், காலைல வெயில் அடிச்சு நம்ம ஆசைய கிளப்பிவிட்டுட்டு மத்தியானத்துக்கு மேல மேகம் மூடிடும், மேல போயி நின்னா பத்தடில இருக்குற டென்ட்டே தெரியாது, ஃபுவேகோவோட சத்தம் மட்டும் கேக்கும்.

அதுக்காக டிசம்பர், ஜனவரிதான் பெஸ்ட்னு நெனச்சிடாதீங்க. வானம் அருமையா இருக்கும், ஆனா காத்தும் குளிரும் அப்பதான் உச்சத்துல. ராத்திரி மேல பூஜ்யத்துக்கும் கீழ போகும், அதோட காத்து சேந்தா கதையே வேற. 2017 ஜனவரி தொடக்கத்துல இந்த மலைலயே ஆறு பேர் குளிர் தாங்காம செத்துப் போனாங்க. வெப்ப நாட்டு மலைதானேன்னு லேசா எடுத்துக்கக் கூடாதுங்கறதுக்காக சொல்றேன். என்னக் கேட்டா நவம்பர் கடைசி, இல்லன்னா மார்ச். ஈஸ்டர் வாரத்த ஒட்டி வர்றதா இருந்தா ஆன்டிகுவா தெருவெல்லாம் கலர் மரத்தூள்ல கோலம் மாதிரி கம்பளம் போடுவாங்க, பாக்க ரெண்டு கண்ணு போதாது, ஆனா ரூம் கெடைக்காது, கெடச்சா வெல கேக்கக் கூடாது.

2. ஆன்டிகுவாவுக்கு வந்து சேர்றது

சிரிக்காதீங்க, இதுலயே ஒருத்தர் கோட்ட விட்டத பாத்திருக்கேன். டிக்கெட் தேடுறப்ப ஆன்டிகுவான்னு அடிச்சா கரீபியன் தீவு ஒண்ணு வரும், அது வேற நாடு. நமக்கு வேண்டியது குவாத்தமாலா சிட்டில இருக்குற லா அவ்ரோரா ஏர்போர்ட். நம்ம ஆன்டிகுவால ஏர்போர்ட்டே கெடையாது. அங்கருந்து ரோட்ல சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனா சிட்டி ட்ராஃபிக்ல மாட்டினா ரெண்டு மணி நேரம்கூட ஆகும். ஷேர் ஷட்டில் வேன் புக் பண்ணிட்டு வாங்க, ராத்திரி லேட்டா எறங்குறீங்கன்னா இது இன்னும் முக்கியம்.

விசா உங்க பாஸ்போர்ட்டுக்கு வேணுமா வேணாமான்னு குவாத்தமாலா தூதரகத்துல நேரா கேட்டுக்கோங்க, மத்தவங்க அனுபவத்த நம்பி டிக்கெட் போடாதீங்க. இன்னொண்ணு, குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா நாலுக்கும் சேத்து ஒரே 90 நாள் கணக்கு. நாலு நாடும் சுத்துற ஐடியா இருந்தா நாள எண்ணி வச்சுக்கோங்க.

ஆன்டிகுவா வந்ததும் மொத வேல ஏடிஎம். காசு பேரு கெட்சால், ஒரு டாலருக்கு ஏழு சொச்சம் கெடைக்கும். சின்ன நோட்டா மாத்தி வச்சுக்கோங்க. மலையடிவாரத்துல நுழைவுக் கட்டணம், கைத்தடி, சுமை தூக்குறவர் கூலி, டிப்ஸ், எல்லாமே கைல காசா குடுக்கணும், 200 கெட்சால் நோட்ட நீட்டினா சில்லறைக்கு அவங்க அல்லாடுவாங்க.

3. மூணு நாளாவது உடம்ப உயரத்துக்குப் பழக்குங்க

இதத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, இதுலதான் ட்ரெக்கே நிக்குது. ஆன்டிகுவா சுமார் 1,500 மீட்டர் உயரம். ட்ரெக் தொடங்குற லா சோலேதாத் ஊர் 2,400 கிட்ட. ராத்திரி தூங்குற கேம்ப் சுமார் 3,600. கடல் மட்டத்துல இருந்து ஃப்ளைட்ல வந்து மறுநாள் ராத்திரியே 3,600ல படுத்தா தலைவலி, வாந்தி, தூக்கமின்மை மூணும் கூட்டணி போட்டு வரும். ஜிம் பாடி, மாரத்தான் ஓடுற பாடியெல்லாம் இதுக்குக் கணக்கில்ல. அதுங்கதான் வேகமா ஏறி மொதல்ல விழும்.

நான் சொல்ற வரிசை இது. மொத நாள் ஆன்டிகுவா கல்பாவின தெருவுல சும்மா நடங்க, சாயங்காலம் செர்ரோ தெ லா க்ரூஸ் குன்று ஏறுங்க, ஊரும் எதிர்ல அகுவா எரிமலையும் மொத்தமா தெரியும். அடுத்து பகாயா எரிமலை, 2,552 மீட்டர், அரை நாள் ட்ரிப்தான், கறுப்பு எரிமலை மண்ணுல நடக்குறது எப்படி இருக்கும்னு காலுக்கு அங்க புரிஞ்சிடும். அப்பறம் நாள் இருந்தா அத்தித்லான் ஏரிக்குப் போயி ரெண்டு ராத்திரி. அதுவும் 1,500 மீட்டருக்கு மேலதான். பனாஹச்செல்ல எறங்கி லாஞ்சா படகு பிடிச்சு சான் ஹுவான், சான் பெத்ரோன்னு கரையோர ஊர்களுக்குப் போலாம், நெசவும் இயற்கைச் சாயமும் பாக்கணும்னா சான் ஹுவான். படகு காலைலயே பிடிச்சிடுங்க, மத்தியானத்துக்கு மேல ஷோகோமில்னு ஒரு காத்து கெளம்பும், ஏரி அப்படியே குலுங்கும், பெஞ்சுல உக்காந்திருக்குறவங்க இடுப்பு கழண்டுடும்.

ஏரிய மொதல்ல வச்சு மலைய கடைசில வைங்க. நெறைய பேர் மாத்தி வைக்கிறாங்க, ஏறி முடிச்சுட்டு ரெஸ்ட் எடுக்கலாம்னு. ரெஸ்ட் நல்லா கெடைக்கும், ஏறுனதுதான் நல்லா இருக்காது.

ஆல்டிட்யூட் மாத்திரை வேணும்னா ஊர்லயே டாக்டர்ட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க, ஹாஸ்டல்ல பக்கத்து பெட்காரர் குடுக்குறத முழுங்காதீங்க.

4. டூர் புக் பண்றப்ப கேக்க வேண்டியது

தனியா ஏறாதீங்க. வழி தெரியாமப் போறது ஒரு பக்கம், மேல திடீர்னு வானிலை மாறினா எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு லா சோலேதாத் பக்கத்து ஆளுங்களுக்குத்தான் தெரியும். வழிகாட்டிகள்ல பெரும்பாலானவங்க அந்த மலையடிவார ஊர்க்காரங்கதான், சின்ன வயசுலருந்து ஏறுறவங்க.

ஆன்டிகுவால தெருவுக்கு நாலு ஏஜென்சி இருக்கு, வெல மேல ஏறி எறங்கும். வெலய மட்டும் பாத்து முடிவு பண்ணாம இதெல்லாம் கேளுங்க: எத்தன பேருக்கு ஒரு கைடு? டென்ட்டா, பலகை கேபினா? ஸ்லீப்பிங் பேக் யாரோடது, எங்க இருக்கும், மேலயே இருக்குமா நாம தூக்கிட்டுப் போகணுமா? நுழைவுக் கட்டணம் இதுல சேந்துச்சா? ராத்திரி சாப்பாடு சுடச்சுடவா? ஜாக்கெட் வாடகைக்குக் குடுக்குறாங்கன்னா, அத முந்துன நாளே பாக்க முடியுமா?

கடைசிக் கேள்விய நான் கேக்கல. கெளம்புற அன்னிக்குக் காலைல ஒரு குவியல்ல இருந்து ஜாக்கெட் எடுத்துக்கச் சொன்னாங்க, அவசரத்துல எடுத்தேன், மேல போயி போட்டா ஜிப் பாதியிலயே நிக்குது, பல்லே இல்ல. ராத்திரி பூரா ரெண்டு கையாலயும் நெஞ்சுகிட்ட பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். வாடகை எடுக்குற எதையும் போட்டுப் பாத்து, ஜிப்ப மேலயும் கீழயும் இழுத்துப் பாத்து வாங்குங்க.

அசைவம் சாப்பிடாதவங்க புக் பண்றப்பவே சொல்லிடணும், மேல போயி சொன்னா ஒண்ணும் நடக்காது. "கார்னே வேணாம்"னு மட்டும் சொல்லாதீங்க. அங்க கார்னேன்னா பெரும்பாலும் மாட்டுக்கறிதான் மனசுல ஓடும், சிக்கன போட்டுக் குடுத்துட்டு ஏன் சாப்பிடலன்னு வருத்தமா பாப்பாங்க. "சின் கார்னே, சின் போயோ"ன்னு ரெண்டையும் சொல்லணும். கறுப்பு பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு சேக்குற வழக்கமும் உண்டு, அதுக்கு "சின் மான்தேகா".

5. பை கட்டுறது

மொத்தமா நாலு லிட்டர் தண்ணி. இதுல பேரமே கெடையாது. மலைல ஓடை, குழாய் எதுவும் இல்ல, சில டூர்ல சமையலுக்குன்னு ஒரு லிட்டர் உங்ககிட்டருந்தே வாங்கிப்பாங்க. நாலு லிட்டர்னா நாலு கிலோ, அதனால மத்ததுல எடைய கொறைங்க.

துணி விஷயத்துல ஒரே விதிதான்: உடம்ப ஒட்டுற சட்ட காட்டனா இருக்கக் கூடாது. காட்டன் வேர்வைய உறிஞ்சி வச்சுக்கும், காயாது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெயில் போனதும் அந்த ஈரம் உடம்புச் சூட்ட இழுத்துரும். பாலியஸ்டர் விளையாட்டு டீஷர்ட் போதும். ஏற ஒண்ணு, மேல மாத்த ஒண்ணு. மாத்துறது பிளாஸ்டிக் கவர்ல கட்டி பைக்கு அடில இருக்கணும், என்ன ஆனாலும் ஏறுறப்ப அத தொடாதீங்க. அதுக்கு மேல ஃப்ளீஸ்ங்கற மெத்துமெத்துனு இருக்குற சூட்டுச் சட்ட ஒண்ணு, தடிமனான ஜாக்கெட் ஒண்ணு, காத்தும் மழையும் புகாத மெல்லிசு கோட் ஒண்ணு. குல்லா, கையுறை, ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். ராத்திரிக்கு உள்ள போட இறுக்கமான தெர்மல் பேன்ட்.

இதெல்லாம் ஊர்லருந்து சுமந்துட்டு வரணும்னு இல்ல. ஆன்டிகுவா மார்க்கெட் பக்கம் பாகான்னு சொல்ற பழைய துணிக் கடைங்க இருக்கு, அமெரிக்காலருந்து மூட்டையா வர்ற பழைய துணி. குவியல்ல கை விட்டுத் துழாவினா நல்ல ஃப்ளீஸ், ஸ்கீ ஜாக்கெட்லாம் சல்லிசா கெடைக்கும். என் ரெண்டாவது, மூணாவது ஏத்தம் ரெண்டும் அங்க எடுத்த ஊதா கலர் ஜாக்கெட்லதான், பாக்க சகிக்காது, குளிர் மட்டும் உள்ள வராது.

ஷூ கணுக்கால மூடுறதா இருக்கணும், அடில பள்ளம் பள்ளமா பிடிப்பு இருக்கணும், புதுசா இருக்கவே கூடாது. தலைல மாட்டுற டார்ச் கட்டாயம், போன் லைட் உதவாது, உச்சிக்குப் போறப்ப ரெண்டு கையும் வேணும். டாய்லெட் பேப்பர், சன்ஸ்க்ரீன், குப்பைக்கு ஒரு கவர்.

நொறுக்கு நெறைய வேணும், ஏன்னா உயரத்துல பசி தெரியாது, ஆனா உடம்பு எரிச்சுக்கிட்டே இருக்கும். மார்க்கெட்ல மானியான்னு கேளுங்க, வறுத்த வேர்க்கடலைதான். ரப்பாதுரான்னு கேட்டா நம்ம வெல்லமேதான், பொட்டலமா கெடைக்கும். ரெண்டையும் சேத்து வாயில போட்டா கடலை மிட்டாய் ரெடி, கடைல வாங்குற எனர்ஜி பாருக்கு இது எவ்ளோவோ மேல. காப்பில தொட்டுத் திங்க சம்புர்ராதான்னு ஒரு தட்டை பிஸ்கட் இருக்கு, அதும் நாலு வாங்கிக்கோங்க, ஒடையாம மேல போகாது, பரவால்ல.

தேவையில்லாத லக்கேஜ எல்லாம் ஹாஸ்டல்லயே விட்டுட்டுப் போலாம், பாத்துப்பாங்க.

6. ஏற்றம்: மொத ஒரு மணி நேரத்துல ஜெயிக்கப் பாக்காதீங்க

காலைல எட்டு மணி சுமாருக்கு வேன் கெளம்பும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் லா சோலேதாத் வர. அங்க சின்னப் பசங்க கைத்தடி வாடகைக்கு வச்சிருப்பாங்க, சில கெட்சால்தான், கண்டிப்பா எடுங்க. ஏறுறதுக்கு இல்லன்னாலும் எறங்குறதுக்கு அது மூணாவது காலு. பை கனம்னு இப்பவே தோணினா சுமை தூக்குறவர இங்கயே பேசிடுங்க. கௌரவம் பாத்து பாதி வழில தேடுனா ஆள் இருக்க மாட்டாங்க. அவங்க தூக்குற கனத்த பாத்துட்டு நானெல்லாம் அதுக்கப்பறம் கூலில பேரம் பேசுறதையே விட்டுட்டேன்.

ஆரம்பமே மக்காச்சோளக் காட்டுக்கு நடுவுல செங்குத்தா, பொடி மண்ணுல. மொத்த வழில மனச ஒடைக்கிற எடம் இதுதான், வெயிலு, புழுதி, கால் வச்சா சறுக்கும். புதுசா வர்றவங்க உற்சாகத்துல இங்க வேகமா ஏறி, இதயம் காதுல அடிக்க, "இன்னும் அஞ்சு மணி நேரம் இப்படியேவா?"ன்னு பயந்து போயிடறாங்க. இல்ல. மேல போகப் போக பாதை கொஞ்சம் நல்லாயிடும்.

வேகத்துக்கு ஒரு அளவுகோல் சொல்றேன்: நடந்துக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். முடியலன்னா வேகம் ஜாஸ்தி. கைடு "டெஸ்பாசியோ, டெஸ்பாசியோ"ன்னு சொல்றது மெதுவாங்கறதுக்குத்தான், உங்கள கிண்டல் பண்ணல. வேர்க்காம ஏறணும், முடியாதுதான், ஆனா கம்மியா வேர்க்கணும். அதனால கெளம்புறப்ப லேசா குளிர்ற மாதிரியே கெளம்புங்க, ஃப்ளீஸ் போட்டுக்கிட்டு ஏறாதீங்க. நிக்கிறப்ப மட்டும் போடுங்க, நடக்க ஆரம்பிச்சதும் கழட்டுங்க. பத்து தடவ கழட்டி மாட்ட சோம்பல் படுறவங்கதான் சாயங்காலம் நடுங்குறாங்க.

சோளக்காடு முடிஞ்சா மேகக்காடு. மரமெல்லாம் பாசி தொங்கும், நிழலு, படி மாதிரி வெட்டின பாதை, வளைஞ்சு வளைஞ்சு போகும். அப்பறம் பைன் மரங்க, காத்து மாறும், மூச்சு சின்னதாகும். மத்தியானச் சாப்பாடு நடுவுல எங்கயாவது. அந்த எடத்துல தெரு நாய் ரெண்டு மூணு வந்து உங்கள ஒட்டி உக்காரும், அதுங்க கீழருந்தே கூட வர்றதுங்க, உங்க சாப்பாட்டப் பாத்து அல்ல, மொத்த க்ரூப்போட சாப்பாட்டையும் பாத்து.

கடைசில மலைய சுத்திக்கிட்டு கிட்டத்தட்ட சமமா ஒரு நடை வரும். அத திரும்புற ஒரு எடத்துல, மரங்களுக்கு நடுவுல, ஃபுவேகோ திடீர்னு முன்னாடி நிக்கும். போன வெளிய எடுத்து ஓட ஆரம்பிப்பாங்க எல்லாரும். ஓடாதீங்க, ஒரு பக்கம் பள்ளம். மொத்தம் நாலுலருந்து ஆறு மணி நேரம்.

தலைவலி லேசா வந்தா தண்ணி குடிச்சு, நின்னு, மெதுவாப் போங்க. ஆனா தலை சுத்தி நடை தள்ளாடுனா, பேச்சு கொழறுனா, அங்கயே கைடுகிட்ட சொல்லி எறங்கணும். உயர நோய்க்கு உண்மையான மருந்து எறங்குறது ஒண்ணுதான்.

7. கேம்ப் சேந்ததும் மொத பத்து நிமிஷம்

போட்டோ அப்பறம். மொதல்ல டென்ட்டுக்குள்ள போயி ஈரச் சட்டய கழட்டி, பைக்கு அடில கட்டி வச்ச காஞ்ச சட்டய போடுங்க. சாக்ஸும் மாத்துங்க. மொத தடவ நான் இத பண்ணல. ஃபுவேகோ அப்பதான் ஒரு பெரிய புகைக்குடைய எழுப்புச்சு, எல்லாரும் கத்துறாங்க, நான் எப்படி உள்ள போறது? ஆறு மணிக்கு சூரியன் விழுந்துச்சு. ஆறரைக்கு என் பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சுது, அப்பறம் அஞ்சு அடுக்கு போட்டும் சூடு வரல, ஏன்னா அடிச் சட்ட ஈரம். கைடு பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம என் காலர பிடிச்சு உள்ள தொட்டுப் பாத்தார், "மொஹாதோ"ன்னார், நனைஞ்சிருக்குன்னு, டென்ட்டப் பாத்து கைய நீட்டினார். அந்த மனுஷன் மட்டும் பாக்கலன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெனைக்கிறேன்.

ஈரச் சட்டய வெளில காயப் போடாதீங்க, காலைல பலகை மாதிரி விறைச்சு நிக்கும். ஹாட் சாக்லேட் குடுப்பாங்க, குடிங்க. வைன் குடுப்பாங்க, வேணாம்னு சொல்லுங்க, உயரத்துல அது தலைவலிய கூட்டும், தூக்கத்த கெடுக்கும். சாப்பாடு எறங்காட்டியும் பாதியாவது சாப்பிடுங்க, ராத்திரி உடம்புக்குச் சூடு குடுக்குறது அதுதான். டாய்லெட் குழிக் கக்கூஸ்தான், வெளிச்சம் இருக்குறப்பவே வழிய பாத்து வச்சுக்கோங்க.

8. ஃபுவேகோ ரிட்ஜ் போகணுமா?

கேம்ப் வந்ததும் கைடு கேப்பார், கூடுதல் காசு குடுத்தா சாயங்காலம் ஃபுவேகோவோட முதுகு வரைக்கும் கூட்டிட்டுப் போறோம்னு. ரெண்டு மலைக்கும் நடுவுல லா ஓர்க்கேத்தான்னு ஒரு சேணம் மாதிரி பள்ளம், அது வரைக்கும் எறங்கி, மறுபடி ஃபுவேகோ பக்கம் ஏறி, பாத்துட்டு, இருட்டுல அதே வழில திரும்பி ஏறி வரணும். குறஞ்சது நாலு மணி நேரம். அதுவும் அன்னிக்கே ஆறு மணி நேரம் ஏறுன காலோட.

என் கருத்து: மொத தடவ வர்றவங்களுக்கு வேணாம். கேம்ப்லருந்து பாக்குறதே நெஞ்ச நிறைக்கும். ரிட்ஜ் போனவங்கள்ல பாதிப் பேர் மறுநாள் உச்சிக்கு எழுந்திரிக்கறதே இல்ல. அதவிட முக்கியம், இது காட்சிக்கு வச்ச மலை இல்ல. 2018 ஜூன் 3ஆம் தேதி இதே ஃபுவேகோ பொங்குனதுல சான் மிகேல் லோஸ் லோத்தேஸ்ங்கற ஊரே புதைஞ்சு போச்சு, நூத்துக்கணக்குல ஜனங்க போயிட்டாங்க. 2025 மார்ச்லயும் பெருசா பொங்கி சுத்துப்பட்டு ஊர்க்காரங்கள வெளியேத்துனாங்க. கெளம்புறதுக்கு முந்துன நாள் இன்சிவுமேவோட எரிமலை அறிக்கையையும், கொன்ரெட்டோட எச்சரிக்கையையும் பாருங்க, ரெண்டும் அரசாங்க அமைப்பு, ஸ்பானிஷ்ல இருக்கும், போன்லயே மொழிபெயர்த்துக்கலாம். மலைய மூடியிருக்காங்கன்னா மூடியிருக்காங்கதான், "நாங்க வேற வழில கூட்டிட்டுப் போறோம்"ங்கற ஆள்கிட்ட காச குடுக்காதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. சில நாள், சில சமயம் வாரக்கணக்குல, ஃபுவேகோ சும்மாவே கெடக்கும். சுறுசுறுப்பா இருக்குறப்ப கால் மணிக்கு ஒருக்கா வெடிக்கும், ஆனா அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது, குடுக்குற ஏஜென்சிய நம்பாதீங்க.

9. ராத்திரி, கேமரா

இருட்டினதும்தான் செவப்பு தெரியும். பகல்ல வெறும் சாம்பல் புகையா பாத்தது, ராத்திரி நெருப்புப் பொறியா எழும்பி, கல்லு கல்லா சரிவுல உருண்டு வரும். மொதல்ல வெளிச்சம், சத்தம் அப்பறம். ஃபுவேகோ வாய்க்கும் நமக்கும் சுமார் மூணு கிலோமீட்டர் தூரம், அதனால எட்டு ஒம்பது எண்ணுறதுக்குள்ள சத்தம் வந்து நெஞ்சுல முட்டும். நாங்க எல்லாரும் சேந்து ஸ்பானிஷ்ல எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தோம், ஓச்சோன்னு, அதாவது எட்டுன்னு சொல்றதுக்கும் தரை லேசா அதிர்றதுக்கும் சரியா இருந்துச்சு.

போட்டோக்கு கேமரா ஆடாம நிக்கணும், அதான் மொதல். ட்ரைபாட் இல்லன்னா கல்லு மேல வச்சு அடில குல்லாவ சொருகுங்க. கேமரான்னா ஐஎஸ்ஓ 800, ஷட்டர் எட்டுலருந்து பத்து செகண்ட், ஃபோகஸ தூரத்து ஊர் வெளிச்சத்துல வச்சு மேனுவலுக்கு மாத்திடுங்க, ஆட்டோல விட்டா இருட்டுல தேடிக்கிட்டே இருக்கும், வெடிப்பு முடிஞ்சிடும். போன்னா நைட் மோடு, மூணு செகண்ட் டைமர். வெடிச்சதும் அமுக்குனா லேட், தொடர்ந்து எடுத்துக்கிட்டே இருங்க.

பேட்டரி குளிர்ல சீக்கிரம் செத்துடும், 60 சதவீதம் காட்டிட்டு டக்குனு ஆஃப் ஆகும். ராத்திரி போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாத்தையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சு கட்டிப் பிடிச்சுப் படுங்க. தூக்கம் சரியா வராது, அது எல்லாருக்கும்தான், படுத்துக் கெடந்தாலே போதும்.

10. உச்சி

நாலு மணிக்கு முன்னாடி எழுப்புவாங்க. உச்சி இன்னும் 350, 400 மீட்டர் மேல, ஒரு மணிலருந்து ஒன்றரை மணி நேரம். முழுக்க எரிமலைப் பொடி, ரெண்டடி வச்சா ஒரடி கீழ இழுத்துடும். முன்னாடி போறவர் கால் பதிஞ்ச குழிலயே உங்க காலையும் வைங்க, சறுக்கல் பாதியா கொறையும். இத யாரும் சொல்லித் தர்றதில்ல.

எல்லா துணியும் போட்டுக்கிட்டு கெளம்பாதீங்க, இங்கயும் அதே வேர்வைக் கதைதான். தடிமனான ஜாக்கெட்ட பைல வச்சுக்கிட்டு, உச்சில நின்ன உடனே போடுங்க, ஏன்னா மேல காத்து மறைப்பே கெடையாது. கைடு இன்னிக்கு காத்து ஜாஸ்தி, போக வேணாம்னா வாதாடாதீங்க. கேம்ப்லருந்தே சூரிய உதயம் நல்லா தெரியும்.

போக முடிஞ்சா, ஒரு பக்கம் ஃபுவேகோ உங்க கண்ணுக்கு நேர்ல இல்ல, கீழ! அதோட வாய மேலருந்து பாப்பீங்க. கெழக்கால அகுவா, மேக்கால அத்தித்லான் ஏரியும் அத காவல் காக்குற எரிமலைகளும், தெக்கால பசிபிக் கடல் வரைக்கும் சரிஞ்சு போற சமவெளி. சூரியன் வந்ததும் பின்னாடி திரும்பிப் பாருங்க, அகாத்தெனாங்கோவோட நிழல் பெரிய முக்கோணமா மேகத்து மேல விழுந்திருக்கும். எல்லாரும் சூரியனையே பாத்துக்கிட்டு இத தவற விடுறாங்க.

11. இறக்கம்

உச்சிலருந்து கேம்ப் வரைக்கும் பொடி மண்ணுல குதிகால அழுத்தி சறுக்கிக்கிட்டே வந்துடலாம், ஒரு மணி நேரம் ஏறுனத இருவது நிமிஷத்துல எறங்கிடுவீங்க, ஜாலியா இருக்கும். கேம்ப்லருந்து கீழதான் முட்டிக்கு வேல. ரெண்டரை மணி நேரம். சின்னச் சின்ன அடி, முட்டிய லேசா மடக்கி, கைத்தடிய முன்னாடி ஊனி. கால் நகத்த ட்ரெக்குக்கு முன்னாடியே ஒட்ட வெட்டியிருக்கணும், இல்லன்னா எறங்குறப்ப ஷூ முனைல இடிச்சு இடிச்சு கறுத்துடும், எனக்கு ஒண்ணு விழுந்தே போச்சு. லேஸையும் இறங்குறதுக்கு முன்னாடி இறுக்கிக் கட்டுங்க.

வெயில் ஏறுனதும் சோளக்காட்டு மண்ணு இன்னும் பொடியாயிருக்கும், அதிகமா விழுறது இங்கதான், ஏன்னா முடிஞ்சிடுச்சுன்னு மனசு முன்னாடியே வேன்ல ஏறி உக்காந்துடும்.

ஆன்டிகுவா திரும்ப மத்தியானம் ஆகிடும். அன்னிக்கு ஃப்ளைட் போடாதீங்க, அடுத்த நாள் காலைலயும் வேணாம், படிக்கட்டுல பின்பக்கமா எறங்குற நெலமைல இருப்பீங்க. கைடுக்கும் சுமை தூக்குனவருக்கும் டிப்ஸ வேன்ல ஏறுறதுக்கு முன்னாடியே அவங்கவங்க கைல குடுங்க, பாதிப் பேர் லா சோலேதாத்லயே எறங்கி வீட்டுக்குப் போயிடுவாங்க. லென்ஸயும் கண்ணாடியையும் துணியால தேய்க்காதீங்க, சாம்பல் கண்ணாடித் தூள் மாதிரி கீறிடும், மொதல்ல ஊதணும், அப்பறம் துடைக்கணும். ஷூவ வீட்டு வாசல்லயே கழட்டிக் கொட்டிட்டு உள்ள போங்க. நான் தங்குன வீட்டம்மா ரூம்ல பெருக்கி எடுத்த கறுப்பு மண்ண ஒரு டப்பால போட்டு வச்சு, அடுத்த வாரம் ரோஜாத் தொட்டில கொட்டுனாங்க.